பொய் சொல்ல வைத்தவர் யார்?

நகைக்கும் அழுகைக்கும் தொல்காப்பியர் தனித்தனியே நான்கு காரணங்கள் கூறுகின்றார். நகைக்குரிய நான்கில் எள்ளலும் பேதைமையும் உண்டு, வறுமை இல்லை. வறுமையை அவர் அழுகையின் வரிசையிலேதான் வைத்திருக்கின்றார். ஆனால் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சிரித்த காதல் நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் வேலையின்மையிலிருந்தும் கைப்பொருள் இன்மையிலிருந்துமே பிறக்கிறது! அழுகைக்கு உரியது நகைக்கு ஆகிவந்த இவ்விந்தையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி மலரில் சினிமாவுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் கொடிகட்டிப் பறந்த ஊர் சேலம். அந்நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்று ஏற்காடு சாலையில் நிற்கிறது. அதைக் கடந்து செல்லும் நாம் படங்களைப் பார்த்தால் மட்டும் போதாது; அவற்றைப் பற்றிச் சிந்திக்கவும் வேண்டும்.

முதலாவதாக, எல். வி. பிரசாத் இயக்கி 1955ஆம் ஆண்டு வெளிவந்த 'மிஸ்ஸியம்மா'. ஒரு ஜமீன்தாரின் பள்ளிக்குப் பட்டதாரித் தம்பதியர் தேவை என்று விளம்பரம் வருகிறது. பாலுவுக்கு வேலை இல்லை. மேரிக்கோ தீர்க்க வேண்டிய கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அவளையே மணக்க விரும்புகிறான். ஒருவன் இந்து, ஒருத்தி கிறித்தவள். இருவரும் கணவன் மனைவியாக நடிக்கத் துணிகின்றனர். காதல் அப்போது அங்கே இல்லவே இல்லை, வயிற்றுப்பாடுதான் இருந்தது.

அடுத்து, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). எஸ்டேட் முதலாளி விசுவநாதனின் மகளோடு ஏற்பட்ட சச்சரவால் அசோக் வேலையை இழக்கிறான். முதலில் அவன் கேட்டது அவளையன்று, போன வேலையைத்தான். காதல் பின்னர் வருகிறது. முதலாளிக்கோ செல்வந்தர் வீட்டுச் சம்பந்தம் என்றால் உயிர். எனவே அசோக் கோடீசுவரர் சிதம்பரத்தின் மகனாகிவிடுகிறான். அவனுடைய நண்பன் வாசு நரைத்த தாடியோடு அந்தச் சிதம்பரமாகவே வந்து சேருகிறான்.

மூன்றாவது, கே. பாலசந்தரின் 'தில்லு முல்லு' (1981). வேலைக்கு வருபவனுக்கு மீசை இருக்கவேண்டும், விளையாட்டில் நாட்டம் இருக்கக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. சந்திரன் அதற்கேற்ப நடித்து வேலை பெறுகிறான். பின்பு கால்பந்தாட்டம் பார்க்கப்போய் அகப்பட்டுக்கொண்டு, மீசையில்லாத தம்பி ஒருவனைப் படைக்கிறான். முதலாளியின் மகள் விரும்புவதோ இல்லாத அந்தத் தம்பியை!

மூன்று கதைகளிலும் பொய் சொன்னவன் ஒருவன். பொய்யைக் கேட்டு வாங்கியவர் வேறொருவர். தம்பதியர்தான் வேண்டும் என்றார் ஒருவர்; பணக்கார மருமகன்தான் வேண்டும் என்றார் ஒருவர்; மீசை வேண்டும் என்றார் மற்றொருவர். கொடுக்கும் நிலையில் இருப்பவர் பொருளற்ற நிபந்தனை விதிக்கும்போது, பெறும் நிலையில் இருப்பவன் வேடம் போடுகிறான். இப்படங்களின் உண்மையான நகைச்சுவைப் பாத்திரம் வேடம் போட்டவன் அல்லன். அவ்வேடத்தைக் கண்டு மகிழ்ந்தவரே என்பது என் கருத்து. டி. எஸ். பாலையாவும் தேங்காய் சீனிவாசனும் நம் மனத்தில் அழியா இடம் பெற்றதன் காரணமும் இதுவே.

நம் தோழர்கள் இப்போது கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய அனிமேத் தொடர்களில் 2019இல் தொடங்கிய 'காகுயா-சமா: லவ் இஸ் வார்' என்பதும் ஒன்று. செல்வக் குடும்பத்து மகள் காகுயா; ஏழை வீட்டு மகன் ஷிரோகானே. இருவரும் மாணவர் மன்றத்தில் பணியாற்றுகின்றனர், ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆனால் முதலில் வாய் திறப்பவர் தோற்றவர் என்று எண்ணி, மற்றவரைச் சொல்ல வைக்கவே சூழ்ச்சி செய்கின்றனர். நம் நாயகர்கள் காதலை உரக்கப் பாடிவிட்டு நிலையை மறைக்கின்றனர். அவர்கள் நிலையை மறைக்காமல் காதலை மறைக்கின்றனர். ஆயினும், அவளுக்கு இணையாக நிற்க வேண்டி உறக்கத்தைத் துறந்து படித்து முதலிடம் பெறும் ஷிரோகானேயைக் காணும்போது, அசோக்கும் அவனும் அண்ணன் தம்பி என்றே தோன்றுகிறது. தான் தாழ்ந்தவனாக எண்ணப்படுவோமோ என்ற அச்சம் இருவருக்கும் பொது.

அந்தத் தொடரில் காகுயாவின் உள்ளத்தில் நடப்பதும் நமக்குக் காட்டப்படுகிறது. நம் படங்களில் இக்குறை பெரிது. மேரிக்குக் கடன் உண்டு, கோபம் உண்டு, தன்மானம் உண்டு. அதனால்தான் சாவித்திரியின் அப்பாத்திரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. ஆனால் அசோக்கை வெறுத்த நிர்மலா அவனை ஏன் விரும்பினாள்? அதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை. அழகும் பாட்டும் காரணம் ஆகிவிடுமா? 'மிஸ்ஸியம்மா'கூட இறுதியில் மேரியை ஜமீன்தாரின் காணாமற்போன மகளாக்கி, எழுப்பிய கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறது.

சிரிக்க வந்த இடத்தில் காரணம் எதற்கு என்பர் சிலர். காரணம் தெரிந்த பின்னும் சிரிப்பு குறைவதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

இது திரையோடு முடியும் செய்தியன்று. லாரியும் கோழிப்பண்ணையும் விசைத்தறியும் போர்வெல் வண்டியும் சோறு போடும் நம் சமவெளியில், ஓட்டுநர் மகனும் தறிக்காரர் மகளும் பட்டம் பெற்று வெளியே வருகின்றனர். பெண் பேசும் இடத்தில் முதற்கேள்வி எது? "மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?" உடனே சம்பளம் சில ஆயிரம் வளர்கிறது, தற்காலிக வேலை நிரந்தரமாகிறது, குத்தகை நிலம் சொந்த நிலமாகிறது. படத்தில் தாடி கழன்றால் அரங்கம் சிரிக்கும். வீட்டில் கழன்றால் சிரிப்பதற்கு யாரும் இரார். பெண்ணிடம் "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்போரும் அரியர்.

மாணவ நண்பர்களே! நாளை நாமே மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் ஆவோம். அதற்கும் பின்னே பெண்ணைப் பெற்றவரும் முதலாளியும் ஆவோம். அப்போது மீசையைக் கேளாதிருப்போம். பொய்யைக் கேட்பார் இல்லையெனில் பொய் சொல்வார்க்கும் வேலையில்லை. வேடம் போட வேண்டாத காதலிலும் சிரிப்புக்குப் பஞ்சம் இராது!