கொலாபாவில் 73, சாந்தாகுருசில் 944

மும்பைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க முடியாத நாள் 2005 ஜூலை 26. அன்று காலை 8.30 மணி தொடங்கி மறுநாள் காலை வரை சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே 24 மணி நேரத்தில், நகரின் தெற்குக் கோடியில் உள்ள கொலாபா நிலையத்தில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 25 கிலோமீட்டர்கூட இராது. கோட்டைப் பகுதி ஆபீசுகளில் இருந்தவர்கள் வழக்கமான மழைதான் என்று எண்ணி மாலையில் ரயிலேறப் போனபோது, குர்லா, கலினா, சயான் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. மாநகரில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்தப் பழைய கணக்கை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. 2025 மே 26 அன்று தென்மேற்குப் பருவமழை மும்பையை வந்தடைந்தது. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வர வேண்டிய மழை அது; 1950-க்குப் பிறகு இவ்வளவு முன்னதாக வந்ததே இல்லை. கொலாபாவில் அந்த மே மாதம் பெய்த 295 மி.மீ. மழை, 1918-ஆம் ஆண்டின் மே மாதச் சாதனையை முறியடித்தது. புதிதாகத் திறந்த பாதாள மெட்ரோவின் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. தற்செயலாக அதே மே 26 அன்றுதான், தில்லியில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' என்ற புதிய கம்ப்யூட்டர் கணக்கு முறையை நாட்டுக்கு அளித்தார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகம் தயாரித்த இம்முறை, உலகத்தை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மழையைக் கணிக்கிறது. அதற்கு முன்பு நடைமுறையில் இருந்தது 12 கிலோமீட்டர் கட்டம்.

ஆறு என்ன, பன்னிரண்டு என்ன, இதில் என்ன பெரிய விசேஷம் என்று வாசகர்கள் கேட்கலாம். விசேஷம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

கட்டத்துக்குள் என்ன தெரியும்?

கம்ப்யூட்டர் மழையைக் கணக்கிடும் விதம் இதுதான். பூமியின் மேற்பரப்பைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் காற்று மண்டலத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பம், ஒரு காற்று வேகம், ஒரு ஈரப்பதம். பக்கத்துப் பெட்டியிலிருந்து எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரவு செலவு பார்க்கப்படுகிறது. ஆனால் ஒரு பெட்டிக்குள்ளே எந்த வேறுபாடும் கிடையாது. முழுவதும் ஒரே மழை, ஒரே வெயில்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பிளாக் செக்‌ஷனில் வண்டி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேபினில் இருப்பவருக்குத் தெரியும். செக்‌ஷனுக்குள் எந்த மைல்கல்லில் நிற்கிறது என்பது தெரியாது. கட்டமும் அப்படித்தான்.

மும்பை மாநகரின் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டத்தில் நகரம் முழுவதும் நான்கே கட்டங்களில் அடங்கிவிடும். 6 கிலோமீட்டரில் ஏறத்தாழ 16 கட்டங்கள் கிடைக்கின்றன. கொலாபா வேறு, சாந்தாகுருஸ் வேறு என்று பிரித்துப் பார்க்கும் தகுதி இப்போதுதான் உண்மையில் வருகிறது.

இதற்கு ஆகும் உழைப்பும் கொஞ்சமல்ல. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. அத்துடன், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது என்பதால் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக எட்டு மடங்கு வேலை. 2024 செப்டம்பர் 26 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த 'அர்க்கா' என்ற புனே கம்ப்யூட்டர், விநாடிக்கு ஏறத்தாழ 118 கோடி கோடி கணக்குகளைப் போடக் கூடியது. நொய்டாவில் உள்ள 'அருணிகா'வையும் சேர்த்து இத்திட்டத்துக்கு ஆன செலவு 850 கோடி ரூபாய். பழைய 'பிரத்யூஷ்' கம்ப்யூட்டர் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்ட வேலையை அர்க்கா நான்கு மணி நேரத்தில் முடிக்கிறது என்று அதிகாரிகள் தெரிவித்தனர். நாளைய மழையை நாளை மறுநாள் சொல்லிப் பயனில்லை அல்லவா?

குமாஸ்தாக்களாகிய நாம் ரசிக்கத் தக்க ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த யோசனையை முதன்முதலில் செய்து பார்த்தவர் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் படையில் பணியாற்றிக்கொண்டே, ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்துக்கான கணக்கைப் போட ஆறு வாரம் ஆயிற்று. விடையும் படுதப்பு. ஆனாலும் மனம் தளராமல், 1922-இல் வெளியிட்ட தமது நூலில், ஒரு பெரிய மண்டபத்தில் 64,000 பேர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கணக்கை மாற்றிக்கொண்டால் உலக வானிலையை அது நிகழும் வேகத்திலேயே கணக்கிடலாம் என்று எழுதினார். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு அந்நாளில் கணக்குப் போடும் மனிதர் என்றே பொருள்.

நாளைய மழையும் 2070-ஆம் ஆண்டு மழையும்

இதுவரை சொன்னது நாளை, மறுநாள் பற்றிய கணிப்பு. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து மழை எப்படிப் பெய்யும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பத்திரிகைகளிலும் மேடைகளிலும் சாதாரணமாக நடக்கிறது.

நூறு ஆண்டுக் கணக்கைப் போட வேண்டுமானால் அதே கம்ப்யூட்டரில் கட்டத்தைப் பெரிதாக்கியே தீர வேண்டும். இதே புனே கழகம் தயாரித்த பூமி அமைப்பு மாதிரி, ஐ.நா.வின் பருவநிலைக் குழு ஆறாவது அறிக்கைக்குப் பயன்படுத்திய உலக மாதிரிகளின் வரிசையில் இடம் பெற்றது. தெற்காசியாவிலிருந்து அவ்வரிசையில் சேர்ந்த முதல் மாதிரி என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அதன் காற்று மண்டலக் கட்டம் சுமார் 200 கிலோமீட்டர். அப்படிப்பட்ட ஒரு கட்டத்தின் பரப்பு 40,000 சதுர கிலோமீட்டர்; கேரள மாநிலத்தைவிடச் சற்றுப் பெரிது. மும்பையும் புனேயும் இடையில் உள்ள போர்காட்டும் கொஞ்சம் கடலும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடும்.

பெரிய கட்டம் என்பதாலேயே அது பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்யுகுரோ மனாபே, 1967-இல் தம் சகாவுடன் சேர்ந்து, பூமி முழுவதற்கும் காற்றின் ஒரே ஒரு தூணை வைத்துக் கணக்கிட்டார். கரியமில வாயு இரு மடங்கானால் வெப்பம் ஏறத்தாழ 2.3 டிகிரி உயரும் என்றார். இன்றைய பெரிய கம்ப்யூட்டர்களின் விடையும் அதிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகம் வெப்பமடைகிறதா என்று அறிய சிறு கட்டம் தேவையே இல்லை. குர்லாவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று அறியத்தான் தேவை.

ஏனென்றால் மழை மலையைப் பார்த்துப் பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பல இடங்களில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதது. 200 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த மலை நசுங்கித் தாழ்ந்த மேடாகிவிடுகிறது. மேற்குச் சரிவில் கொட்ட வேண்டிய மழை குறைந்து, கிழக்கே மழை மறைவுப் பிரதேசத்தில் இல்லாத மழை கணக்கில் ஏறிவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைக்கு அப்பால் சாரல், இப்பால் வறட்சி என்பது அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர் விஷயம்.

இடிமேகத்தின் கதை இன்னும் மோசம். அது சில கிலோமீட்டர் அகலமே உடையது. பெரிய கட்டத்துக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே, இவ்வளவு ஈரமும் வெப்பமும் இருந்தால் இவ்வளவு மழை என்று ஓர் உத்தேச விதியை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ஒரு மாதத்து மொத்த மழைக்கு இந்த உத்தேசம் ஓரளவு பொருந்தும். ஒரு மணி நேரத்து மழைக்குப் பொருந்தாது. மும்பையை மூழ்கடிப்பதோ அந்த ஒரு மணி நேர மழைதான்.

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வினோதம் காணப்படுகிறது. 1951 முதல் 2015 வரை நாட்டின் கோடைப் பருவமழை மொத்தத்தில் 6 சதவீதம் குறைந்திருக்கிறது; மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் குறைவு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மி.மீ.க்கு மேல் கொட்டும் பெருமழைகள் 75 சதவீதம் அதிகரித்துள்ளன. மொத்தம் குறைகிறது, கொட்டுவது கூடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இதன் பின்னால் உள்ள முக்கியக் காரணங்களுள் ஒன்று. இந்த அறிக்கையின் எதிர்காலக் கணக்குகளுக்கு ஆதாரமாக இருந்தவையோ பெரும்பாலும் 50 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டங்கள்.

பிரிட்டன் செய்த காரியம்

பிரிட்டிஷ் வானிலைத் துறை 2019-இல் தம் நாட்டுக்கு மட்டும் 2.2 கிலோமீட்டர் கட்டத்தில் எதிர்காலக் கணக்கை வெளியிட்டது. உலகம் முழுவதையும் பெரிய கட்டத்தில் ஓட்டி, அதன் விளிம்பிலிருந்து வரும் காற்றையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, தம் தீவுகளை மட்டும் சிறு கட்டத்தில் ஓட்டினார்கள். ஒரே தடவை ஓட்டி நிறுத்தாமல், சிறு சிறு மாற்றங்களுடன் 12 தடவை ஓட்டினார்கள். 2023-இல் வெளியான முடிவுகளின்படி, கரியமில வாயு தொடர்ந்து மிக அதிகமாக வெளியேறினால், மணிக்கு 20 மி.மீ.க்கு மேல் கொட்டும் மழை 1980-களில் இருந்ததைப் போல் 2080 வாக்கில் நான்கு மடங்காகும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 'நான்கு மடங்கு' என்பது வாயு வெளியேற்றம் மிக உயர்ந்த நிலைக்கான விடை. குறைந்தால் விடையும் குறையும். இரண்டாவது, 12 தடவை ஓட்டியதால்தான் எந்த அளவு தற்செயல், எந்த அளவு உண்மை மாற்றம் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிந்தது.

என்னுடைய அபிப்பிராயத்தில் அந்த இரண்டாவது விஷயமே முக்கியம். கம்ப்யூட்டர் நேரம் என்பது அளவான சம்பளத்தைப் போன்றது. கட்டத்தைச் சிறிதாக்கச் செலவிட்டால் பல தடவை ஓட்டக் கையில் மிஞ்சாது. ஒரே ஒரு தடவை ஓட்டி எடுத்த 2 கிலோமீட்டர் வரைபடம் தெருத் தெருவாக வண்ணம் பூசி மிக அழகாக இருக்கும்; பார்ப்பவர்களும் அப்படியே நம்பிவிடுவார்கள். 2005 ஜூலை 26-ஐப் பிற்காலத்தில் சிறு கட்டத்தில் மறுபடி கணக்கிட்ட ஆய்வுகளில் பெருமழை தெரிந்தது; ஆனால் அது கொட்டிய இடமும் நேரமும் பலவற்றில் விலகியிருந்தன. நடந்து முடிந்த ஒரு நாளுக்கே இந்த நிலை. 2070-இல் இந்தத் தெருவில் வெள்ளம் வரும், அந்தத் தெருவில் வராது என்று வரைபடத்தைக் காட்டி எவரேனும் சொன்னால், அதை வைத்து ஆற்றங்கரைக் குடிசைவாசிகளை மட்டும் கிளப்ப முற்பட்டால், எத்தனை தடவை ஓட்டிய கணக்கு இது என்று கேட்க வேண்டும். மித்தி நதிக்கரையில் குர்லா கிராந்தி நகர் மக்கள் 2025 ஆகஸ்டு மழையிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேண்டியது நம்பத் தக்க எண்.

வடிகாலின் எண்

அந்த எண்ணால் உடனடியாகப் பயன்பெற வேண்டியது வடிகால்தான். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை, அதுவும் கடல் தாழ்ந்திருக்கும் நேரத்தில். 1985 வெள்ளத்துக்குப் பிறகு ஆராய்ந்து, 1993-இல் வந்த 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை அதை 50 மி.மீ. ஆக்கச் சொன்னது. அறிக்கை பல ஆண்டுகள் ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2005-க்குப் பிறகே வேலை சூடு பிடித்தது. ஹாஜி அலி, இர்லா முதலிய இடங்களில் பம்பிங் நிலையங்கள் வந்தன. அந்த ஜூலை 26 பிற்பகலில் சாந்தாகுருசில் ஒரே மணி நேரத்தில் பெய்தது சுமார் 190 மி.மீ. அதற்கு ஈடுகொடுக்க எந்த நகரத்திலும் வடிகால் கட்ட முடியாது. ஆனால் மணிக்கு 60, 80, 100 மி.மீ. மழை இனி பத்தாண்டுக்கு ஒரு தடவையா, இரண்டாண்டுக்கு ஒரு தடவையா என்பது தெரிந்தாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து வடிகால் நூறாண்டு தாண்டி இன்றும் ஓடுகிறது. இன்று புதைக்கும் குழாயும் 2070-இல் அங்கேதான் கிடக்கும்.

பிரிட்டன் தன் தீவுகளுக்குச் செய்ததுபோல், மேற்குக் கரைக்கு மட்டும் சிறு கட்டத்தில், பல தடவை ஓட்டி, மணிக்கு மணி மழைக் கணக்கைப் புனே கழகம் வெளியிட்டால், மாநகராட்சிப் பொறியாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். முழு உலகத்துக்கும் அந்தக் கட்டத்தில் நூறாண்டு ஓட்டுவது அர்க்காவாலும் ஆகாது. 200 கிலோமீட்டரிலிருந்து 2.2-க்கு வர ஏழு லட்சம் மடங்கு வேலை. ஒரு கரைக்கு மட்டும் என்றால் எட்டாக் கனி என்று சொல்ல முடியாது.

மழைக்காலத்துக்கு முன்பு ஆண்டுதோறும் மாநகராட்சி, கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதை நறுக்கிச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் தாழ்வான பகுதிகளில் உண்டு. கடல் ஏற்றத்தை நிமிஷக் கணக்கில் சொல்ல முடியும். மழையை அப்படிச் சொல்ல முடியாது, இத்தனைக்கு இத்தனை வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். அந்த வாய்ப்புக் கணக்கும் அதே போல மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் வார்டு வாரியாக அச்சிட்டு வர வேண்டும். இப்போது நடைபெறும் வடிகால் வேலைகளுக்கு அடிப்படையாக உள்ள 50 மி.மீ. என்பது 1993-ஆம் ஆண்டு அறிக்கையின் எண். அது எழுதப்பட்டபோது சாந்தாகுருசில் 944 பெய்திருக்கவில்லை.