இண்டென்ட் போட்டதோடு சரி

மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, வாங்கும் மருந்தைக் கணக்கு வைக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இப்படித்தான் மருந்து அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்ட ஏற்பாடு இது. எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் வந்து சேர்ந்த மருந்தை என்ன செய்தோம் என்று டாக்டர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள் நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்கு அதில் வேலை இல்லை. தெரிந்தேதான் அமாக்ஸிசிலின் எழுதினோம். ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. வேண்டாம் என்று புரியவைக்கும் நேரத்தில் நாலு பேரைப் பார்த்துவிடலாம். "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டால் அதையும் போட்டோம். ஸ்டோரில் காலாவதி நெருங்கிய மாத்திரை இருந்தால் "கொஞ்சம் ஓட்டி விடுங்க டாக்டர்" என்று குரல் வரும். அந்த வாரம் வந்தவர்கள் சீட்டிலெல்லாம் அது ஏறிக்கொள்ளும்.

இதைவிட மனதை அறுப்பது இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு நாங்கள் அனுப்பும் பட்டியல். போன வருஷம் செலவானதை வைத்தே அடுத்த வருஷத்துக்குக் கேட்கிறோம். வீணாகக் கொடுத்ததெல்லாம் அந்தக் கணக்கில் தேவையாகிவிடுகிறது. கொடுத்திருக்க வேண்டியது கணக்கிலேயே வராமல் போகிறது. வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க்கும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இலேயே அறிவித்தன. எங்கள் அலமாரியில் ஜிங்க் அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. குறைவாகச் செலவானது, அடுத்த முறை குறைவாகவே கேட்டோம்.

ஓ.ஆர்.எஸ். மட்டும் ஒழுங்காகக் கொடுத்தோமா? கைக்குழந்தையோடு ஒரு தாய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. "எப்படிம்மா கலக்கினீங்க?" என்று கேட்டோம். "டம்ளர்லதான் சார், முழுப் பாக்கெட்டும் போட்டேன்" என்றார். ஒரு லிட்டர் தண்ணீருக்கான உப்பு ஒரு டம்ளரில். வயிற்றுப்போக்கைவிட அது ஆபத்து. ஜன்னல் வழியாகப் பாக்கெட்டை நீட்டியவர்கள் நாங்கள். "ஒரு லிட்டர்" என்ற வார்த்தையை அந்தத் தாயிடம் சொல்லவில்லை.

மாத்திரையும் அப்படியே. பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஆறைக் கவரில் போடுவோம். பெயரும் காலாவதித் தேதியும் பல நேரம் எங்களிடம் தங்கும் துண்டில்தான் இருக்கும். சர்க்கரைக்கு மருந்து வாங்கும் பாட்டிகள் "வெள்ளைப் பெருசு, மஞ்சள் சின்னது" என்று நிறத்தையும் அளவையும் வைத்து அடையாளம் சொல்கிறார்கள். வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறிய மாதம் அவர்கள் எதை எதற்காக விழுங்கினார்களோ!

ஒரு சீட்டுக்கு எத்தனை மருந்து, நூறு பேரில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக், எத்தனை பேருக்கு ஊசி என்று எண்ணிப் பார்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1993-இலேயே புத்தகமாகப் போட்டது. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். ஓ.பி. பதிவேடு எங்கள் மேசைமேலேயே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நாங்கள் எண்ணவில்லை.