மயிர் உதிராத ஜாதி நாய்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலிருந்து தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவர். அவருடைய எட்டு வயதுப் பெண்ணுக்கு இரவானால் இழுப்பு வருகிறதாம். அக்குழந்தைக்கோ நாய் என்றால் உயிர். தெருவில் திரியும் செவலை நாய் ஒன்றுக்கு ஒரு வருஷமாய்ச் சோறு போட்டு வருகிறதாம். இப்போது பட்டணத்து வியாபாரி ஒருவர், "லாப்ரடூடில் என்று ஒரு ஜாதி நாய் இருக்கிறது, மயிரே உதிராது, இழுப்புக்காரர் வீட்டில் தாராளமாய் வளர்க்கலாம்" என்று போட்டோ அனுப்பித் தோழரின் மூன்று மாதச் சம்பளத்தை விலையாகக் கேட்கிறாராம். நகையை அடகு வைத்து இதை வாங்குவது, செவலையை விரட்டிவிடுவது என்று வீட்டார் முடிவு செய்திருக்கிறார்களாம். "வாங்கலாமா?" என்று நம்மைக் கேட்கிறார்.

வேண்டாம் என்பதே நமது பதில்.

இந்த நாய் எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். ஹவாய்த் தீவில் கண் தெரியாத ஒரு அம்மாளுக்கு வழிகாட்டி நாய் வேண்டியிருந்தது. அவர் புருஷனுக்கோ நாய் மயிர் ஒத்துக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவில் குருடர்களுக்கு நாய் பழக்கிக் கொடுக்கும் சங்கத்திலிருந்த வாலி கான்ரன் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. பிறகு 1989-ல் லாப்ரடார் நாயையும் பூடில் நாயையும் சேர்த்து மூன்று குட்டிகள் பெற்றார். அவற்றின் மயிரையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், அந்தப் புருஷனுக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். பின்னொரு ஈற்றில் பத்துக் குட்டிகளில் மூன்றே தேறின என்று அவரே சொல்லியிருக்கிறார். மீதிக் குட்டிகளை யாரும் சீந்தவில்லை. "லாப்ரடூடில்" என்று பெயர் வைத்ததும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்! அதே கான்ரன், 2019-ல், தம் வாழ்நாளில் வருந்தும் காரியம் இதுதான் என்று சொன்னார். உண்டாக்கினவரே வருந்துகிறார், விற்கிறவர் மட்டும் உத்தரவாதம் கொடுக்கிறார் என்றால், யார் பேச்சை நம்புவது?

நிற்க, இழுப்பைக் கிளப்புவது மயிரல்ல. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் உள்ள ஒரு சத்துதான் அதைக் கிளப்புகிறது. எச்சில் இல்லாத நாயும் தோல் இல்லாத நாயும் உலகத்தில் கிடையாது. 2011-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர வைத்தியர்கள் 173 வீடுகளில் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். "இழுப்பு வராத ஜாதி" என்று பேர் பெற்ற நாய் உள்ள வீட்டிற்கும் மற்ற நாய் உள்ள வீட்டிற்கும் இதில் வித்தியாசம் காணோம். 2012-ல் ஹாலந்து தேசத்தில் சோதித்தபோது, பேர் பெற்ற நாய்களின் மயிரில்தான் அந்தச் சத்து அதிகமாயிருந்தது. லாப்ரடூடில் வீட்டுத் தரைத் தூசியில் கொஞ்சம் குறைவாயிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் குழந்தை மூச்சிழுக்கும் காற்றில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

மயிர் உதிராது என்பதாவது மெய்யா? பூடிலைக் கொண்ட குட்டிக்குப் பெரும்பாலும் மெய். லாப்ரடாரைக் கொண்ட குட்டிக்குப் பொய். சிறு குட்டியாய் வாங்கும்போது இன்னதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியே உதிராவிட்டாலும் உதிர வேண்டிய மயிர் எங்கே போகும்? உடம்பிலேயே சிக்குப் பிடிக்கும். தினம் சீவ வேண்டும், மாதம் ஒன்றரை மாதத்துக்கொரு முறை கத்தரிக்க வேண்டும், காதுக்குள் ஈரமும் சீழும் சேராமல் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மலைக் கல்லெல்லாம் அடுப்பாய்க் கொதிக்கும் ஊரில், கம்பளி போர்த்த அந்தப் பிராணிக்கு இது என்ன தண்டனை? தோழர் தமக்கு முடி வெட்டிக்கொள்ளக் கொடுப்பதைக் காட்டிலும் அதற்கு அதிகம் கொடுக்க வேண்டிவரும்.

இனி அந்த "ஜாதி" என்ற சொல்லுக்கு வருவோம். மனிதனுக்கு வைத்தது போதாதென்று நாய்க்கும் நம்மவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். விலை கொடுத்தால் ஜாதி நாய், தானாய் வந்தால் தெரு நாய்! இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து, அமெரிக்கா தேசங்களின் பெரிய நாய்ச் சங்கங்கள் லாப்ரடூடிலை ஒரு இனமாகவே ஒப்புக்கொள்வதில்லை. ஆகக் கலப்பு நாயைத்தான் ஜாதி நாய் என்று விற்கிறார்கள். கலப்பில் நமக்கு ஆட்சேபணை கிடையாது, தாராளமாய்க் கலக்கட்டும். கலப்பைச் சொல்லியே காசு பறிப்பதும், கலந்து பிறந்த செவலையைக் கல்லாலடிப்பதும்தான் நமக்கு விளங்கவில்லை.

அதே ஊரில் ரமணாஸ்ரமத்தில், 1948-ல் செத்த லட்சுமி என்ற பசுவுக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. சமாதியும் மாலையும் நமக்குச் சம்மதமல்ல. ஆயினும் நாய்களுக்கு முதலில் சோறு போடச் சொன்னவர் ஜாதிச் சீட்டுக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. கும்பிடப் போகிறவர்கள் அதையாவது பார்த்துவிட்டு வரலாம்.

தோழருக்கு நாம் சொல்வது இதுதான். முதலில் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊரிலேயே இருக்கிறது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஊசிமுனையால் சோதித்தறியும் முறையும் உண்டு. மெத்தைத் தூசியிலுள்ள பூச்சியோ, கரப்பானோ, கொசுவர்த்திப் புகையோ, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியோ, தோழர் மண்டியிலிருந்து சட்டையில் கொண்டுவரும் தூசியோ காரணமாயிருக்கலாம். ஒரு வருஷமாய்ச் செவலையைத் தொட்டு விளையாடும் நாளில் இழுப்பு அதிகமா, தொடாத நாளில் குறைவா என்று தேதி போட்டு எழுதி வரட்டும். கணக்கெழுதுகிறவருக்கு இது பெரிய காரியமல்ல. நாய்தான் காரணமென்று ஏற்பட்டால், எந்த ஜாதி நாயையும் வீட்டுக்குள் விடக்கூடாது. இல்லையென்று ஏற்பட்டால், செவலையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநாய்க்கடி ஊசி போட்டு, வருஷந்தோறும் அதைத் தவறாமல் போட்டு, குட்டி போடாமலிருக்க ஆப்பரேஷனும் செய்து திண்ணையில் கட்டட்டும். வாரம் இரண்டு தரம் குளிப்பாட்டினால் அந்தச் சத்தும் குறையும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். செவலைக்கு ஊசி போட்டாயிற்றா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதினால் போதும்.