மொறிஸ் மைனரும் சூட்கேசில் ஒரு மூலையும்

ஓகூசில் பழைய கார் வைத்திருக்கிற தமிழனைக் கண்டால் எங்கட ஆக்கள் கேட்பது ஒரே கேள்விதான். "உதுக்குச் சாமான் எங்க எடுக்கிறனீர்?" கேட்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய வண்டியை டென்மார்க்கில் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான் பார் என்ற சிரிப்பு. இருக்கட்டும்.

உண்மையில் சாமான் கிடைக்கும். 1948 இல் இருந்து 1971 வரை பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. டெனிஷ்காரருக்கும் அது புதிதில்லை, 'மொறிஸ் 1000' என்றால் வயதானவர்கள் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார்கள். 2015 வரை புதுக் காருக்கு 180 வீதம் வரை பதிவு வரி வாங்கிய நாடு இது. ஒரு காரை இழுத்துப் பறித்து ஓட்டுகிற பழக்கம் இவர்களுக்கும் உண்டு.

என்னுடைய கவலை வேறு. எதைக் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்கக் கூடாது என்ற பிரிப்பு எங்களிடம் குழம்பிப் போய்க் கிடக்கிறது.

சில்லுப் பெயாரிங்கை எடுங்கள். அதன் வளையத்தில் ஓர் இலக்கம் வெட்டியிருக்கும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்த வரிசையில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தால் பெருக்க உள்விட்டம் வரும். உலகம் முழுக்க இதே கணக்குத்தான். இதே 6205 உங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசினிலும் இருக்கக் கூடும்! பெயாரிங் கடைக்காரனுக்குக் காரின் பெயர் தேவையில்லை, இலக்கம் போதும். இலக்கம் தேய்ந்திருந்தால் அளவுகோலால் அளந்து கொண்டு போகலாம். பழைய இங்கிலாந்துக் கார்கள் சிலவற்றில் அங்குலக் கணக்கில் வரும், அதை மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பராமரிப்பும் பெரிய வித்தை இல்லை. சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். கரகரப்புக் கேட்டால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, குண்டுகளில் புள்ளி விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்லதென்றால் உள்ளங்கையில் கிறீஸை வைத்து அழுத்தி உள்ளே ஏற்றலாம். எங்கட ஆக்கள் பிழை விடுகிற இடம் இதுதான். கிறீஸ் கூடினால் நல்லது என்று நினைத்து முழுவதும் நிரப்பி விடுவார்கள். கிறீஸுக்கு அசைய இடம் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் சூடேறி, சீலைத் தாண்டி வழிந்து, பிறேக் சூவில் போய்ப் படியும். அப்போது பெயாரிங் பிரச்சினை பிறேக் பிரச்சினையாகி விடும்.

பிறேக்கில் சமாளிப்புக்கு இடமில்லை. மொறிஸ் மைனரில் ஒரே மாஸ்ரர் சிலிண்டர், அதுவும் சாரதியின் காலுக்குக் கீழே, நிலத்தகட்டுக்கு அடியில். நாலு சில்லுக்கும் ஒரே ஒரு பாதை. இன்றைய கார்களில் இரண்டு பாதை, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் காசளவு றபர்க் கப் ஒன்று கிழிந்தாலோ, ஒரு குழாய் வெடித்தாலோ நாலு சில்லிலும் பிறேக் இல்லை. கையில் இருப்பது கைப்பிறேக் மட்டும்.

1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்டது உங்களுக்குத் தெரியும். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்த மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை நான் எங்கும் உயர்த்தித்தான் சொல்வேன். ஆனால் அது வேறு வழியில்லாத காலத்துக் கெட்டித்தனம். வழி இருக்கிற காலத்தில் பழைய றபரைத் திருப்பிப் போடுவதைக் கெட்டித்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அதே 90களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், இலங்கையிலேயே பங்காளியோடு தொழிற்சாலை அமைத்து மொறிஸுக்கான உடல் தகடுகளைச் செய்வித்தார். தீவின் தெற்கில் இருந்து ஐரோப்பாவுக்கு மொறிஸ் தகடு போனது. வவுனியாவைத் தாண்டி வடக்கே ஒரு பற்றரி போகவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறக்கும்வரை அதுதான் நிலை.

இங்கே டென்மார்க்கிலும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. 35 வயது தாண்டி, பழைய வடிவிலேயே இருக்கிற காருக்கு எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் 'சூன்', அதாவது வாகனப் பரிசோதனை. குறைவாகத்தானே ஓடுகிறது என்பது வாதம். ஓடாமல் நிற்கிற காரில்தான் பிறேக் கெடும். சாதாரண பிறேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 வரை இறங்கி விடும். சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். குளிர்காலத்து றோட்டு உப்பு இரும்புக் குழாயைத் தின்னும். எட்டு வருடம் மிக நீளம். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன், குழாய்களைச் செப்பு நிக்கல் கலவைக்கு மாற்றி விட்டேன்.

ஊரில் நிலைமை இன்னும் இறுக்கம். 2020 இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திறந்தது. பழையதுகள் இன்னும் ஓடுகின்றன, சிலது கலியாணக் கார்களாக, மாப்பிள்ளை பொம்பிளையோடு. விடுமுறைக்குப் போகிறவர்கள் அவற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து வருகிறார்கள். காரின் சொந்தக்காரரிடம் பிறேக் றபர் எப்போது மாற்றியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு மாஸ்ரர் சிலிண்டர் றபர் செற், சில்லுச் சிலிண்டர் கப்புகள், மூன்று பிறேக் ஹோஸ். இவ்வளவும் சூட்கேசில் நாங்கள் அடுக்குகிற சொக்கிலேற்றை விடப் பாரம் குறைவு. போகமுதல் போன் எடுத்து அது எந்த வருடத்துக் கார், முன்னால் எத்தனை அங்குல ட்ரம், சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள், வருடத்துக்கு வருடம் அளவு மாறும். பிறேக் சூவை இங்கிருந்து கொண்டு போனால் புதிதாகவே வாங்குங்கள். பழைய இருப்பில் கிடக்கிறது அஸ்பெஸ்ரசாக இருக்கும், ஊரில் ட்ரம்மைக் கழற்றி வாயால் ஊதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒயிலைச் சுமக்கத் தேவையில்லை, அங்கேயே வாங்கலாம். போத்தலின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.