வயது தாண்டிவிட்டது என்று சொன்னது யார்?

நர்சிங் என்றால் பிளஸ் டூ முடித்த கையோடு சேர வேண்டும். முப்பதைத் தொட்டவள், பிள்ளை பெற்றவள், வேறு வேலை பார்த்தவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. நம் ஊரில் இதை யாரும் வாதாடி நிறுவியதில்லை. நிறுவவே தேவையில்லாத உண்மை போல அது வீட்டுக்கு வீடு புழங்குகிறது. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்கிறார் மாமியார். "சின்னப் பொண்ணுங்களோட பெஞ்சுல உட்காரப் போறியா?" என்கிறார் கணவர். கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பெண்ணே "எனக்கு இனிமே மண்டையில ஏறாது" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறாள். அடுத்தவர் வாயில் பிறந்த சந்தேகம் அவளுடைய சொந்தச் சந்தேகமாகிவிடுகிறது. இந்த நம்பிக்கை பொய். அந்தப் பெண்ணை அது வீட்டோடு முடக்குகிறது. நல்ல நர்ஸ் ஒருத்தியை நோயாளியிடமிருந்து பறிக்கிறது. ஆகவே இதைப் பொறுத்துக்கொண்டு போக முடியாது.

முதலில் வரலாறு. நர்சிங்கின் முன்னோடிகள் பலர் பதினேழு வயதில் அதற்குள் வந்தவர்கள் இல்லை. 1820இல் பிறந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இருபத்தைந்து வயதில் மருத்துவமனையில் பயிற்சி பெற அனுமதி கேட்டார், குடும்பம் மறுத்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் அவருக்கு மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது 1851இல், 31ஆம் வயதில். கிரிமியப் போரின்போது 38 பெண்களை அழைத்துக்கொண்டு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 34. ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோல் அதே போருக்குச் செல்ல லண்டனில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டார். சொந்தச் செலவில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி இருந்தது. அமெரிக்காவின் கிளாரா பார்ட்டன் அதுவரை ஆசிரியை, பிறகு காப்புரிமை அலுவலக எழுத்தர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகுதான் காயம்பட்ட சிப்பாய்களிடம் போனார். அப்போது அவருக்கு 39. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் தொடங்கியபோது 59.

அதே போரில் வடபகுதி ராணுவத்துக்கு நர்சுகளைத் தேர்ந்தெடுத்த டோரத்தியா டிக்ஸ் 1862இல் ஒரு சுற்றறிக்கை விட்டார். 35 வயதுக்குக் குறைந்தவர்களும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களும் வேண்டாம் என்றது அது. இன்று எந்த வயதில் கதவைச் சாத்துகிறோமோ, அந்த வயதில்தான் அன்று கதவைத் திறந்தார்கள். டிக்ஸின் விதியையும் நான் போற்றவில்லை. ஆண்கள் நிறைந்த வார்டில் இளம்பெண்கள் கூடாது என்ற பயமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். படுக்கையில் கிடப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்து இந்த வயது வரம்புகள் வந்ததில்லை. பெண்ணைப் பற்றி அந்தந்தக் காலம் வைத்திருந்த எண்ணத்திலிருந்து வந்தவை அவை.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. புனேயில் ரமாபாய் ரானடேயின் சேவா சதன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விதவைகளை நர்சிங் பயிற்சிக்கு அனுப்பியது. வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண்களிடம் அந்த அமைப்பு ஒரு தொழிலை ஒப்படைத்தது. அப்படிப்பட்ட நாட்டில் நர்ஸ் என்றால் கல்யாணமாகாத சின்னப் பெண் என்ற படம் எப்படி நிலைத்தது? விடுதியில் தங்கவைத்து, கேள்வி கேட்காத, குறைந்த செலவில் வேலை வாங்கக்கூடிய கைகள் நிர்வாகங்களுக்கு வேண்டியிருந்தன. நம் ராணுவ நர்சிங் பணியில் இருந்த ஒரு அதிகாரி, திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில்தான் உத்தரவிட்டது. கல்யாணம் ஆனால் நர்ஸ் வேலைக்கு ஆகமாட்டாள் என்ற எண்ணத்தை ஒரு அரசே விதியாக எழுதி வைத்திருந்த காலம் நமக்கு வெகு தொலைவில் இல்லை.

இன்றைய விதிக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தபடி, மூன்றாண்டு ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமாவில் சேர வயது 17 முதல் 35 வரை. ஆனால் ஏற்கெனவே ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த உச்ச வரம்பு கிடையாது. இந்த விலக்கைக் கவனியுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய கிராம சுகாதார செவிலியர் அதே வகுப்பில் உட்காரலாம், அதே அனாட்டமியைப் படிக்கலாம், அதே நைட் டியூட்டி பார்க்கலாம் என்று கவுன்சிலே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் நாற்பது வயது மூளையிலும் முதுகிலும் கோளாறு இல்லை. அதே வயதில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு மட்டும் எப்படி அது கோளாறாகும்?

இன்னொன்று. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று இருந்த வயது வரம்பை தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கிவிட்டது. அதற்கு முன்பே, அந்த வரம்பு மீதான வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த காலத்திலேயே, ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார், நாடே பாராட்டியது. டாக்டராக எந்த வயதிலும் படிக்கலாம், நர்சாக முடியாது என்பதற்கு என்ன நியாயம்? டாக்டருக்கு வேண்டியது அறிவு, நர்சுக்கு வேண்டியது இளமை என்று நாம் நினைக்கிறோம். இந்த மூடநம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது: நர்சிங் ஒரு அறிவுத் தொழில் என்று நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு மறுபக்கமாக இன்னொரு பேச்சும் உண்டு: "மாமனாரை மூணு வருஷம் படுக்கையில வச்சுப் பார்த்தவ, அவளுக்குத் தனியா நர்சிங் படிக்கணுமா?" பாராட்டு மாதிரி ஒலிக்கும் இதுவும் தொழிலை அவமதிப்பதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று அனுபவம் அவளுக்குச் சொல்லியிருக்கும். நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு 26 ஆனால் உள்ளே என்ன நடக்கிறது, உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் படிப்புதான் சொல்லும். அனுபவம் படிப்புக்குப் பதிலாகாது. ஆனால் படிப்பு வந்து சேரும்போது அந்த அனுபவம் வீண் போகாது. வலியில் கத்துகிறவரிடம் எப்படிப் பேசுவது, ஐ.சி.யூ. வாசலில் அழும் குடும்பத்தை எப்படி எதிர்கொள்வது என்பதைப் பதினெட்டு வயதுப் பெண் வார்டில்தான் முதன்முதலாகக் கற்கிறாள். முப்பத்து நான்கு வயதுக்காரி அதில் பாதியைச் சுமந்துகொண்டே வருகிறாள்.

இனி ஆட்சேபங்கள். நேர்மையான ஆட்சேபங்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

"உடம்பு தாங்காது" என்பது முதலாவது. எட்டு மணி நேரம் நிற்பதும், கனமான நோயாளியைத் தூக்குவதும், இரவு விழிப்பதும் கடினம்தான். ஆனால் அது இருபத்திரண்டு வயதிலும் இடுப்பை உடைக்கிறது. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. வார்டு முழுவதையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, வயதானவர்களால் முடியாது என்று சொல்வது நிர்வாகத்தின் குற்றத்தை உடம்பின் மேல் போடும் வேலை. ஆள் போதுமான அளவு இருந்தால், தூக்குவதற்கு உபகரணம் இருந்தால், நாற்பது வயது உடம்பும் தாங்கும்.

"படிப்பு ஏறாது" என்பது இரண்டாவது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மகளிர் குழுவின் கடன், வட்டி, தவணைக் கணக்கை நோட்டில் எழுதிச் சரிபார்க்கும் பெண்ணுக்கு இது முடியாததா? மருந்துப் பெயர்களும் ஆங்கிலப் பாடநூலும் முதல் ஆறு மாதம் மிரட்டும், உண்மை. தமிழ் வழியில் படித்த பதினேழு வயதுக்காரியையும் அவை அதே அளவு மிரட்டுகின்றன. அவளிடம் யாரும் "உனக்கு வயதாகிவிட்டது" என்று சொல்வதில்லை என்பதுதான் வித்தியாசம்.

"தன்னம்பிக்கை இல்லாதவள் ஊசி போடலாமா?" என்பது மூன்றாவது. இதை அந்தப் பெண்களே கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: வார்டில் ஆபத்து விளைவிப்பது சந்தேகமே வராத நர்ஸ்தான். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளை இரண்டு நர்சுகள் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று நல்ல மருத்துவமனைகள் விதி வைத்திருப்பது எதற்கு? சந்தேகப்படுவது அந்தத் தொழிலின் கடமைகளில் ஒன்று. "நான் சரியாகச் செய்தேனா?" என்று கேஸ் ஷீட்டை இன்னொரு முறை பார்க்கிறவள் நோயாளியைக் காப்பாற்றுகிறாள். உங்கள் சந்தேகத்தை உங்கள் மேலிருந்து எடுத்து வேலையின் மேல் வையுங்கள். அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

இந்த நம்பிக்கையால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். வயது போய்விட்டது என்று நம்பவைக்கப்பட்ட பெண்களைக் குறிவைத்தே "ஆறு மாதத்தில் நர்ஸ்" என்று போஸ்டர் ஒட்டும் பயிற்சி மையங்கள் ஊர்தோறும் முளைத்திருக்கின்றன. கவுன்சில் அங்கீகாரம் இல்லாத அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. அந்தப் பெண் வெள்ளை உடுப்புடன் சிறிய மருத்துவமனைகளில் சொற்பக் கூலிக்கு வேலை பார்ப்பாள். தவறு நடந்தால் பழி மட்டும் அவளுக்கு.

சம்பளத்தின் கதையும் இதுதான். நர்சுகளின் ஊதியம் குறித்து ஆராயும்படி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னது. அதன்படி அமைந்த மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல மாநிலங்களில் அது பரிந்துரையாகவே கிடக்கிறது. விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் சமாளிக்கும் இளம்பெண்ணுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுத்துவிடலாம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவள் கேள்வி கேட்பாள். வயது வந்தவளை வேண்டாம் என்பதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

2023இல் உலகத்துக்கு இன்னும் 58 லட்சம் நர்சுகள் தேவைப்பட்டார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனில் நர்சிங் பட்டப்படிப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டில் நர்சிங் பட்டம் பெறத் தனிப் படிப்பே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நம் தெருப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. அந்தப் பெண்களில் படிக்க விரும்புகிறவர்களுக்கு நர்சிங் கல்லூரிக்குள் ஒரு வழி திறந்துவிடுவதில் என்ன கஷ்டம்?

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். நர்சிங் படிப்புகளின் 35 வயது வரம்பை, நீட்டில் நீக்கியது போலவே நீக்க வேண்டும். குழந்தை உள்ளவர்களுக்கு விடுதிக் கட்டாயம் கூடாது. மருத்துவமனைகளிலும் சுகாதாரத் திட்டங்களிலும் பணியாற்றும் பெண்களுக்கு அரசு நர்சிங் பள்ளிகளில் இடம் ஒதுக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும்.

விதி மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு 32, 33, 34 என்றால் விதிப்படியே கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஜி.என்.எம். படிக்க பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் இருந்தால் கவுன்சில் ஏற்றுக்கொள்கிறது. கலைப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம். சேரப் போகும் பள்ளிக்கு மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். மூன்று வருடம் கழித்து எனக்கு 37 ஆகிவிடுமே என்று தயங்காதீர்கள். படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த 37 வரத்தான் போகிறது. அந்த வயதில் பதிவு பெற்ற நர்சாக இருப்பதா, "அப்பவே சேர்ந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதா என்பதை மாமியாரோ கணவரோ ஊரோ தீர்மானிக்க விடாதீர்கள். விண்ணப்பத்தை வாங்குங்கள்.