படிமம் நம்முடையது, சாவி யாரிடம்?

“அண்ணா, அந்தக் கணக்கோட கடவுச்சொல் உங்ககிட்ட இருக்கா?”

2017ஆம் ஆண்டு, நம் கழகச் செயலவையில் இருந்த தம்பி ஒருவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாமல் போன கதையையும், அதிலிருந்து நான் கொண்ட கருத்தையும் இந்த ஆண்டிதழ் வழியே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2014இல் கழகத்தின் சார்பில் தமிழ் இணையத்தளம் அமைக்கும் பட்டறை ஒன்றை நடத்தினோம். வந்தவர்கள் இருபத்து நான்கு பேர். ஒவ்வொருவர் மடிக்கணினியும் ஒவ்வொரு விதம். ஒன்றில் தமிழ் விசைப்பலகை இயங்கவில்லை. இன்னொன்றில் தரவுத்தளத்தில் சேமித்த தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. மென்பொருள்களை நிறுவி முடிப்பதற்குள் பசியாறும் நேரம் வந்துவிட்டது. பாடம் தொடங்கவே இல்லை.

அடுத்த பட்டறைக்கு வேறு வழி தேடினேன். அப்போது அறிமுகமானதுதான் பேக்கர் என்னும் கருவி. ஹாஷிகார்ப் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. என்ன வேண்டும் என்று ஒரு செய்முறைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். அதுவே ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்து, இயங்குதளத்தை நிறுவி, நாம் சொன்ன மென்பொருள்களையெல்லாம் சேர்த்து, முழு வட்டையும் ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிடும். இதைத்தான் இயந்திரப் படிமம் என்கிறோம். உபுண்டு 14.04.1 பதிப்பில் தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, யூனிகோடுக்கு ஏற்றபடி அமைத்த தரவுத்தளம் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினேன். கோப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி. விடுதி இணையத்தில் ஓர் இரவு முழுவதும் ஓடி, இணையத்திலுள்ள பொதுவான படிமச் சேவை ஒன்றில் ஏறியது.

மறு பட்டறையில் பாடம் பத்தே நிமிடத்தில் தொடங்கியது. எல்லார் திரையிலும் ஒரே கணினி, ஒரே தமிழ். அன்று நான் அடைந்த பெருமிதத்திற்கு அளவே இல்லை.

மூன்றாண்டு கழித்துத்தான் வினை தெரிந்தது. நான் கணக்குத் தொடங்கியது என் பல்கலைக்கழக மின்னஞ்சலில். பட்டம் பெற்றதும் அந்த அஞ்சல் மூடப்பட்டது. கடவுச்சொல் மறந்துவிட்டது, புதிதாகப் பெறவும் வழியில்லை. படிமம் அங்கேயே இருந்தது, ஆனால் திருத்த முடியாது. சரி, செய்முறைக் கோப்பை வைத்து மீண்டும் கட்டலாம் என்று பழைய வன்தட்டைத் தேடி எடுத்து ஓட்டினேன். முதல் படியிலேயே நின்றது. உபுண்டுவின் அடுத்தடுத்த திருத்தப் பதிப்புகள் வந்ததால், 14.04.1 நிறுவல் கோப்பு அந்த முகவரியில் இல்லை.

அதைவிட வெட்கமான செய்தி அடுத்து வந்தது. பழைய படிமத்தைத் திறந்து பார்த்த தம்பி, “அண்ணா, இதுக்குள்ள கழக மின்னஞ்சலோட கடவுச்சொல் கிடக்கு” என்றார். கட்டும்போது உள்ளே பிரதியெடுத்த ஒரு கட்டளைக் கோப்பை அழிக்க மறந்திருக்கிறேன். மூன்றாண்டுகள் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கக்கூடிய இடத்தில் அது இருந்திருக்கிறது. அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். படிமத்தை அழிப்பது மட்டும் போதாது. பதிவிறக்கியவர் கையில் உள்ளதை யார் அழிப்பது?

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர், “மையச் சேவையே வேண்டாம். பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போ” என்கிறார்கள். நான் உடன்படவில்லை. பென்டிரைவில் கைமாறிய கோப்பு ஒருவரிடம் பழையது, ஒருவரிடம் புதியது, ஒருவரிடம் பாதியில் அறுந்தது என்றாகிவிடும். மையச் சேவை தருவது மூன்று: எல்லாருக்கும் ஒரே முகவரி, பதிப்பு எண், கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புத் தொகை. பட்டறை நடத்தியவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

ஆனால் மையச் சேவை என்பது வாடகை வீடு. ஹாஷிகார்ப்பின் அட்லஸ் சேவையில் இத்தகைய படிமங்களைச் சேமிக்கும் வசதி 2018இல் நிறுத்தப்பட்டது. பலரும் மென்பொருள் கோப்புகளை வைத்திருந்த பின்ட்ரே 2021 மே மாதம் மூடப்பட்டது. டாக்கர் ஹப் 2020 நவம்பரில், இலவசமாகப் பதிவிறக்குவோருக்கு வரம்பு விதித்தது. 2023 மார்ச்சில் இலவசக் குழுக் கணக்குகளை முடிக்கப்போவதாக 30 நாள் அவகாசத்தில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. இவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இலவசமாக இடம் கொடுத்தவர்கள் என்றாவது கணக்குப் பார்ப்பார்கள். நாம்தான் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

செய்முறை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அம்மாவின் மீன்குழம்புக் குறிப்பு நம்மிடம் இருக்கலாம். அன்று சந்தையில் கிடைத்த மீனும் புளியும் இன்று கிடைக்குமா? மென்பொருளும் அப்படித்தான். அதே குறிப்பை அடுத்த ஆண்டு ஓட்டினால் வேறு பதிப்புகள் வந்து சேரும். படிமம் மட்டும் இருந்தால் திருத்த முடியாது. செய்முறை மட்டும் இருந்தால் அதே பொருள் கிடைக்காது. இரண்டும் வேண்டும்.

ஆகவே கழகத் தம்பி தங்கைகளுக்கு நான் முன்வைப்பது இவைதான். கணக்கைக் கழகத்தின் பெயரில், கழகத்தின் அஞ்சலில் தொடங்குங்கள்; பொறுப்பில் குறைந்தது இருவர் இருக்கட்டும். செயலவை கைமாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படையுங்கள். ஒரு பதிப்பு எண்ணில் ஏற்றிய கோப்பை மாற்றாதீர்கள். திருத்தினால் புதிய எண் கொடுங்கள். ஏற்றுமுன் படிமத்தைத் திறந்து, உள்ளே கடவுச்சொல் ஏதும் கிடக்கிறதா என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செய்முறைக் கோப்பு, படிமம், நிறுவல் கோப்பு மூன்றின் பிரதியும் கழக அலமாரியில் உள்ள வன்தட்டில் இருக்கட்டும்.

அந்தத் தம்பி இரண்டு வாரம் உறக்கம் கெட்டுப் புதிய படிமத்தைக் கட்டி முடித்தார். நான் ஓர் அரை மணி நேரம் செலவிட்டு ஒழுங்காக ஒப்படைத்திருந்தால் அவருக்கு அந்தப் பாடு இல்லை. நாம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். கழகம் அங்கேயே இருக்கிறது. போகுமுன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம்.