எவ்வளவு உயரம், எந்தத் தெருவில்?



இந்த இதழின் அட்டைக்குத் திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து வடக்கு நோக்கி எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கீழே வீட்டுக் கூரைகள், கொஞ்சம் தள்ளிக் காவிரி, அக்கரையில் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். படம் மேசைக்கு வந்ததுமே அலுவலகத்தில் ஒரு தர்க்கம் கிளம்பிவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நிருபர் தம்பிதான் ஆரம்பித்தார். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு சார் இதே படம்? கோயம்புத்தூர், சென்னையெல்லாம் எங்கேயோ போயாச்சு. நம்ம ஊர்ல அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டடம் உண்டா?" மெய்ப்புத் திருத்தும் பெரியவர் ஸ்ரீரங்கத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார்: "தெற்கு வாசல்ல இருக்கே தம்பி. அண்ணாந்து பாருங்கோ, கழுத்து வலிக்கும்."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். ஆனால் இந்தத் தர்க்கம் எங்கள் அலுவலகத்தோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. திருச்சியில் வீடு தேடி அலைந்தவர்கள், பூர்வீக வீட்டைப் பிரிக்கப் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள், சின்னக்கடை வீதியில் ஒரு மாடி கூடக் கட்டினால் கடைக்கு ஆகுமே என்று கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் பேசியதுதான் இது. நகரத்தின் நடுவில் இன்னும் உயரமாகக் கட்ட விடலாமா, கூடாதா?

பெரியவர் காட்டிய ராஜகோபுரத்திலிருந்தே தொடங்குகிறேன். 13 நிலை, 236 அடி. பார்த்தால் ஆதிகாலம் தொட்டு அங்கே நிற்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதன் குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச் 25ஆம் தேதி. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம்தான் அது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979இல் கையில் எடுத்து, நன்கொடை திரட்டி, எட்டு வருடத்தில் முடித்துக்காட்டினார். இன்று அறுபது வயதைத் தாண்டிய ஸ்ரீரங்கத்துக்காரர் எவரும் அந்த மொட்டைக் கோபுரத்தின் கீழே நடந்து பள்ளிக்கூடம் போனவர்தான். ஆக, ஊரின் உருவம் மாறவே கூடாது என்று சொல்வதற்கு ராஜகோபுரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. நம் கண்ணெதிரே நாமே மாற்றியதுதான் அது. ஆனால் ஒன்று, அந்த உயரம் எவருடைய மொட்டைமாடியும் அல்ல. கொள்ளிடக் கரையிலிருந்து பார்ப்பவருக்கும் சமயபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் அது சொந்தம். தனியார் கட்டடம் ஒன்று அந்தப் பார்வையை மறைத்தால் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

விதி ஒன்றும் இல்லாமல் இல்லை. ஸ்ரீரங்கம், மதுரை போன்ற கோயில் ஊர்களில் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி இதை மீறிக் கட்டியவர்கள் விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது. மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த பல்லவர் குகை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். தெற்கே போனால் விமான நிலையம்; ஓடுபாதையைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 18.30 மீட்டர் வரை சாதாரணக் கட்டடம், அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். எஃப்.எஸ்.ஐ. என்று பில்டர்கள் சொல்வார்களே, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் போடலாம் என்ற கணக்கு, அது சாதாரணக் கட்டடத்துக்கு 1.5ஆக இருந்தது 2 ஆனது. 2400 சதுர அடி மனையில் 4800 சதுர அடி கட்டலாம். உயர்மாடிக்கு 3.25. ஆனால் அதற்கு எதிரே சாலை வேண்டும். குறைந்தது 12 மீட்டர் அகலம். முழுச் சலுகையும் வேண்டுமென்றால் 18 மீட்டர். எனக்கு இந்த விதிப் புத்தகத்திலேயே பிடித்த இடம் இதுதான். ஆண்டார் வீதியிலும் ஜாபர்ஷா தெருவிலும் வாணப்பட்டறைத் தெருவிலும் நடந்து பழகியவர்களுக்கு, 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி என்றால் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிருபர் தம்பியின் பக்கமும் நியாயம் உண்டு. அதை அவர் சொன்னதைவிட நன்றாகவே சொல்லலாம். மேலே போகாத ஊர் பக்கவாட்டில் போகும். 1994இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து மாநகராட்சி ஆனபோது ஊருக்கு வெளியே என்று நினைத்த இடமெல்லாம் இன்று ஊருக்கு நடுவே இருக்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் பாய்ந்த வயல்கள் மனைகளாயின. வயலூர் ரோட்டில் போய்ப் பாருங்கள், நெல் இருந்த இடத்தில் மஞ்சள் பூசிய எல்லைக்கல்லும் கலர்க் கொடியும் நிற்கின்றன. மண்ணச்சநல்லூருக்கு அப்பால் மனை வாங்கிக் குடிபோனவர், தினமும் காலையில் காவிரிப் பாலத்தில் நின்று நின்றுதான் தில்லைநகர் ஆபீசுக்கு வருகிறார். நகருக்குள் ஆறாவது மாடியில் ஒரு வீடு அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்திருந்தால், ஒரு வயலும் மிஞ்சியிருக்கும், அவருக்கு ஒரு மணி நேரமும் மிஞ்சியிருக்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருச்சி விமான நிலையத்தில் ராத்திரி வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பெரம்பலூர், புதுக்கோட்டை, துறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாற்பது, ஐம்பது மாடி எழுப்பப் போகிறவர்கள். சிங்கப்பூரில் பெரும்பாலான குடும்பங்கள் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றன. நம் ஜனங்களும் அங்கே அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். அடுக்குமாடி நமக்கு ஒத்துவராது என்பதெல்லாம் சும்மா பேச்சு. அங்கே வீட்டுக்கு முன்னால் பஸ்ஸும் ரயிலும் வந்துவிடுகின்றன, குழாயில் தண்ணீர் வருகிறது, லிஃப்ட் ரிப்பேரானால் ஆள் வருகிறார். மாடியை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்து, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் ஒத்துவராது.

இனி ஸ்ரீரங்கம். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ பழைய வீடு ஒன்றுக்குள் போயிருக்கிறீர்களா? முகப்பு இருபதடிகூடத் தேறாது. திண்ணை தாண்டினால் ரேழி, ரேழி தாண்டினால் கூடம், முற்றத்தில் வெயில், அப்புறம் அடுக்களை, கிணற்றடி, கொல்லை. போகப் போக முடியாது. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் இந்த வீட்டை எப்படிப் பிரிப்பது? நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு ஆறேழு அடியில் ஒரு நடைதான் கிடைக்கும். குறுக்கே பிரித்தால் நடுப்பிள்ளைக்குத் தெருவும் இல்லை, கொல்லையும் இல்லை. இடித்துவிட்டு மேலே போவதுதான் வழி. 9 மீட்டரில் மூன்று தளம் வரும், மூவருக்கும் சரியாகப் போய்விடும் என்றுதான் தோன்றும். அங்கேதான் கார் வந்து நிற்கிறது. வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தைத் தூண் போட்டுத் திறந்து விட்டால் ஒரு தளம் போச்சு. மூன்றாவது பிள்ளைக்கு வீடில்லை, அவருடைய காருக்கு மட்டும் இடம் இருக்கிறது.

அதனால் ஸ்ரீரங்கத்தில் உயரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 9 மீட்டரைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி. தளர்த்த வேண்டியது வண்டி நிறுத்த விதியை. மதிலுக்கு வெளியே மாநகராட்சி பொது நிறுத்துமிடம் கட்டித் தரட்டும். ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீட்டுக்கு வீடு தூண் நிறுத்தித் திண்ணை இருந்த இடத்தில் பம்பரைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். தைத்தேர் உத்திர வீதியிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதியிலும் ஓடுகிற ஊர் இது. தேருக்காக அகலமாக விட்ட வீதி, இருபுறமும் தேரைவிடத் தாழ்ந்த வீடுகள் என்ற அளவில்தான் அந்த அழகே இருக்கிறது. 2017இல் ஸ்ரீரங்கம் கோயில் புனரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வந்ததை ஊரே கொண்டாடினோம். அந்தக் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் இந்த வீதிகள்தான் என்பதையும் சேர்த்தே கொண்டாட வேண்டும்.

உயரத்தைத் தெருவோடு கட்டிப்போடுவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1910இல் வந்த சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தெருவின் அகலம் எவ்வளவோ அதோடு 20 அடி கூட்டிக்கொள், அதற்கு மேல் போகாதே என்பதுதான் அதன் சாரம். பாலித் தீவில் 1960களில் பத்து மாடி ஹோட்டல் ஒன்று கடற்கரையில் எழுந்ததைப் பார்த்துவிட்டு, இனி தென்னைமர உயரம்தான், 15 மீட்டர் என்று நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு ஊரும் கெட்டுப்போகவில்லை. வாஷிங்டனில் வாடகை எகிறிக் கிடக்கிறது என்று குறைசொல்வோர் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

தெரு அகலத்தைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் அழகு மட்டுமல்ல. 2004 ஜனவரி 23ஐ ஸ்ரீரங்கம் மறக்காது. முகூர்த்த நேரத்தில் கல்யாண மண்டபத்தில் தீ. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது அடுக்குமாடி அல்ல. மாடியில் போட்ட கீற்றுப் பந்தல். அத்தனை பேர் இறங்கி ஓட வழி போதவில்லை. மாடி எத்தனை என்பதைவிட, படிக்கட்டு எத்தனை, அது எவ்வளவு அகலம், தீயணைப்பு வண்டி வாசல்வரை வருமா என்பவை உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். விதிப் புத்தகம் அப்போதும் இருந்தது. படித்துப் பார்த்து மண்ணைத் தோண்டிச் சோதிக்க ஆள் வேண்டும், அவருக்குக் கையெழுத்துப் போட மறுக்கிற தைரியமும் வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் மலைக்கோட்டை அடிவாரத்து என்.எஸ்.பி. ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் சைரன் அலற அலற ஊர்ந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வட்டாரத்தில் இன்னும் ஒரு மாடிக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

பிறகு எங்கேதான் உயர்வது? பஞ்சப்பூரில். 2025 மே மாதம் அங்கே புதுப் பேருந்து முனையம் திறந்தாயிற்று, டைடல் பூங்காவும் அங்கேதான் வருகிறது. சாலை அகலம், பஸ் வாசலில். விமான நிலையம் எவ்வளவு உயரம் அனுமதிக்கிறதோ அவ்வளவும் அங்கே போகட்டும். புறவழிச்சாலை ஓரங்களிலும், கன்டோன்மென்ட்டில் அகலச் சாலையை ஒட்டிய மனைகளிலும் போகட்டும். தில்லைநகரில் பிரதான சாலைக்கு ஒரு நியாயம், குறுக்குத் தெருக்களுக்கு ஒரு நியாயம் வேண்டும். இரண்டையும் ஒரே வண்ணத்தில் பூசும் வரைபடம் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரருக்கு நஷ்டமாயிற்றே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. மும்பையில் பழம்பெரும் கட்டடங்களின் சொந்தக்காரர்கள், தங்களால் கட்ட முடியாத தளப்பரப்பின் உரிமையை வேறு இடத்தில் கட்டுபவர்களுக்கு விற்க முப்பது ஆண்டுகளாகவே ஏற்பாடு உண்டு. வடக்குச் சித்திரை வீதியில் ஓட்டுவீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பம், கட்டாமல் விட்ட இரண்டு மாடியைப் பஞ்சப்பூரில் கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் ஓடு மாற்றி, உத்திரத்துக்குக் கரையான் மருந்து அடிக்கலாம். ஊருக்காகத் தாழ்ந்து நிற்பவருக்கு ஊர் கொடுக்க வேண்டிய கூலி அது. வெறும் தடையை மட்டும் விதித்துவிட்டுப் போனால், ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தளம் ஏறும். நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

மெய்ப்புத் திருத்தும் பெரியவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "பஞ்சப்பூர்ல எத்தனை மாடி வேணா கட்டிக்கட்டும், எங்க வீட்டுக் கொல்லையில வெயில் விழுந்தா சரி" என்றார். தம்பிக்கு அரை திருப்திதான்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வேண்டும், வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு டேப் பிடித்து உங்கள் தெருவை வாசலுக்கு வாசல் அளந்து, அந்த அடிக்கணக்கைக் கடிதத்தின் தலைப்பில் போடுங்கள். தெருவில் இப்போது எத்தனை மாடி வரை இருக்கிறது, லாரித் தண்ணீர் வாரம் எத்தனை தடவை வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. வந்தவற்றைத் தெருவாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஒரு பிரதியை மாநகராட்சிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்